ஒன்றரை வயதில் தொடங்க வேண்டியது: நான்கு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, சமூக நலத் துறை, பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறப்பாசிரியை நான். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். நால்வருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம், இந்தப் பிள்ளைகள் உங்கள் நால்வரின் வாசலையும் தாண்டித்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள் என்பதுதான். தடுப்பூசி நாளில் செவிலியர் பார்க்கிறார். அங்கன்வாடியில் எடை போடுகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆட்சியர் அலுவலகம் போகிறார்கள். பள்ளி வயது நெருங்கியதும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயர் பதிகிறார்கள். இத்தனை பேர் பார்த்த பிறகும், பிள்ளை முதல் பயிற்சிக்கு வந்து உட்காரும்போது நான்கு வயது, ஐந்து வயது ஆகிவிடுகிறது.

நான் கேட்பது இதுதான். சந்தேகம் வந்த மாதத்திலேயே, சான்றிதழுக்குக் காத்திருக்காமல், வாரந்தோறும் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்று தனிப்பயிற்சி தொடங்க வேண்டும். வாரா வாரம் அதே ஆள் வர வேண்டும். பயிற்சி நடக்கும்போது அம்மாவோ ஆச்சியோ உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இடம் வீடாகவோ வீட்டுக்கு நடந்து போகும் தூரத்திலோ இருக்க வேண்டும்.

இது புதுக் கோரிக்கை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஆட்டிசம் பொதுவாக வாழ்க்கையின் முதல் மூன்று ஆண்டுகளில் வெளிப்படுவது என்று தன் அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது. 25-ஆவது பிரிவு எல்லாக் குழந்தைகளையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. ஆனால் இலவசக் கல்வி உரிமை என்று வரும்போது அதே சட்டம் 6 வயதிலிருந்து 18 வயது வரை என்கிறது. மூன்று வயதுக்குள் தெரிந்துவிடும் ஒன்றுக்கு, ஆறு வயதில் தொடங்கும் உரிமை. இடையில் இருக்கும் அந்த மூன்று வருஷத்தில்தான் நாங்கள் வேலை பார்க்கிறோம்.

'பயிற்சி' என்று கோப்பில் எழுதுகிறோமே, அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பது விளங்கும்.

ரெண்டரை வயதுப் பையன். அம்மா பீடி சுற்றுகிறவர். தார்சாவில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஓர் ஓரமாக இருக்கிறார். பையன் தூக்குச்சட்டி மூடியைத் தரையில் சுற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஏதாவது வேண்டும் என்றால் ஆச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைக்கிறான். விரல் நீட்டிக் காட்டுவதில்லை. "எப்பப் பாத்தாலும் மூடியச் சுத்திக்கிட்டே இருக்கான் டீச்சர், பிடுங்கி வச்சாலும் வேற ஒண்ணத் தேடி எடுத்துருதான்" என்பது ஆச்சியின் குறை.

நான் மூடியைப் பிடுங்கவில்லை. இன்னொரு மூடியை எடுத்து அவன் பக்கத்தில் சுற்றிவிட்டேன். அவன் என் மூடியைப் பார்த்தான். ரெண்டும் ஓய்ந்து விழுந்தன. திரும்பவும் சுற்றினேன். "சுத்து, சுத்து, சுத்து... விழுந்துட்டு." இப்படிப் பல தடவை. அப்புறம் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான பகுதி. பத்து எண்ணுவதற்குள் பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும். அவன் என் கையைத் தள்ளினான். சுற்றினேன். மறுபடியும் நிறுத்தினேன். கையைத் தள்ளினான், சுற்றினேன். இன்னும் சில முறை கழித்து, தள்ளுவதற்கு முன்னால் ஒரு கணம் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். அதற்கு அடுத்த வாரம் "சு" என்றான்.

இதில் நடந்தது என்ன? ஒரு பொருளைத் தன் போக்கில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அந்தப் பொருளையும் எதிரில் இருக்கும் ஆளையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பிக்கிறான். கூட்டுக் கவனம் என்று எங்கள் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். சாதாரணமாக ஒரு வயதை ஒட்டி, சுட்டிக் காட்டுவதோடு சேர்ந்து தானாக வருவது. அது இல்லாத பிள்ளையிடம் 'ஆப்பிள்', 'பால்' என்று அட்டையை நீட்டி நூறு தடவை சொல்ல வைத்தாலும், சொல் வாயில் இருக்குமே தவிர யாரிடமும் எதையும் கேட்பதற்கு உதவாது.

அன்றைக்குப் பயிற்சியில் பாதி நேரம் ஆச்சிக்குத்தான். அவர் பாசத்தில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்: இது என்ன, அம்மா எங்க, அம்மா சொல்லு, சொல்லு. கேள்வியைக் குறைத்துவிட்டு, பையன் செய்வதை மட்டும் ரெண்டு வார்த்தையில் கூடவே சொல்லச் சொன்னேன். "மூடி சுத்துது. தண்ணி ஊத்துதான்." ஆச்சி சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வாரத்தில் நான் இருப்பது ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருப்பது அவர்கள்தான்.

இந்த வயதில் இதைக் குழுவாகச் செய்ய முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அரசு மையங்களிலும் அரசு உதவி பெறும் மையங்களிலும் ஒரே ஆசிரியையிடம் எட்டு, பத்துப் பிள்ளைகளை உட்கார வைக்கும் வழக்கம் இருக்கிறது. குழுவில் உட்காரும் பிள்ளைக்கு மற்றவரைக் கவனிக்கத் தெரிய வேண்டும், பார்த்துச் செய்யத் தெரிய வேண்டும், தன் முறை வரும்வரை பொறுக்கத் தெரிய வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ளத்தான் அவன் வந்திருக்கிறான். கற்றுக்கொண்ட பிறகு குழு நல்லது, அவசியமும்கூட. அதற்கு முன்னால் குழுப் பயிற்சி என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் உதவும்.

அதே நேரம், தனிப்பயிற்சி என்றதும் மணிக்கணக்கைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடமும் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1987-இல் அமெரிக்காவில் ஈவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரத் தனிப்பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டினார்கள் என்று இருந்தது. அந்த நாற்பது மணி நேரம் கடல் தாண்டி, மலை தாண்டி, எங்கள் ஊர்ப் பெற்றோர் வரை வந்து மிரட்டுகிறது. அந்த ஆய்வில் யாருக்குப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அதட்டுவதும் சில சமயம் தொடையில் அடிப்பதும் அதன் முறையிலேயே இருந்தன. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லி விற்கிறார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் நிதானமானவை. 2010-இல் ஜெரால்டின் டாசன், சாலி ரோஜர்ஸ் குழுவினர் 18 முதல் 30 மாத வயதுள்ள 48 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, விளையாட்டின் வழியாக ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். வளர்ச்சி அளவீட்டில் அந்தக் குழந்தைகள் சராசரியாக 17.6 புள்ளி ஏறினார்கள். வழக்கமான சேவை பெற்றவர்கள் 7 புள்ளி. அதே முறையைப் பல ஊர்களில் செய்து 2019-இல் வெளியிட்டபோது பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. 2024-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் 144 ஆய்வுகளை, 9,038 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

என் பார்வையில் இது அரசுக்கு நல்ல சேதி. வாரம் 40 மணி நேரம் என்றால் எந்த அரசாலும் முடியாது. வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்ற ஆள் வந்து, மீதியைக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுப்பது முடியும்.

இதற்கும் ஆதாரம் நம் பக்கத்திலிருந்தே உண்டு. இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் சோதித்த ஒரு பெற்றோர் வழிப் பயிற்சியை எடுத்து, தெற்காசியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். முடிவு 2016-இல் வெளிவந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை; அதற்கென்று பழக்கப்படுத்திய சுகாதாரப் பணியாளர்கள். மொத்தம் 12 அமர்வுகள். குழந்தையின் போக்கைப் பிடித்துப் பெற்றோர் பேசுவது கூடியது. குழந்தை தானாக அம்மாவையோ அப்பாவையோ நாடுவதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை என்று பெற்றோருக்கான ஒரு பயிற்சியை உருவாக்கி வைத்திருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில், 1981-இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பணியாளர்களாகப் பழக்கி வீடு வீடாக அனுப்பி, பின்னால் நிபுணர்கள் செயலி வழியாக வழிகாட்டும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில் பிள்ளையோடு பெற்றோரும் தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

இனி, பிள்ளையை எப்போது கண்டுகொள்வது என்ற விஷயம். இது மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளரிடம்.

கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையதளத்தில் பதியாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே கஷ்டம் என்கிற மாநிலம் இது. கருவுற்ற நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் உங்கள் கணினியில் இருக்கிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா ரெண்டாவது தவணைக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசிக்கும் அந்தப் பிள்ளை புதன்கிழமை வரிசையில் வந்து நிற்கிறது. ஆட்டிசத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எம்-சாட் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது. இருபது கேள்வி, எல்லாம் ஆம், இல்லை. விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறானா என்ற மாதிரி. ஊசி போட்டபின் எப்படியும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறீர்கள். அந்த அரை மணி நேரம் போதும்.

அந்தக் கேள்விகளை இயந்திரம் மாதிரி வாசித்துவிட்டுக் கட்டத்தில் டிக் அடித்தால் பிரயோஜனம் இல்லை. "கை காட்டுவானா?" என்று கேட்டால் எல்லா அம்மாவும் காட்டுவான் என்றுதான் சொல்வார், கையைப் பிடித்து இழுப்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். ஒரு பொருளைத் தூரத்தில் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குச் செவிலியர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும். அப்புறம், பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காது பரிசோதனை. அது இல்லாமல் ஆட்டிசம் என்று முத்திரை குத்தி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகளில் அமைதியாக இருப்பவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

குடும்பங்கள் சும்மா இருப்பதில்லை. நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள். அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், ஆம்பளப் பிள்ளைகளே அப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'மூணு வயசு வரைக்கும் பாருங்க, தானா வந்துரும்' என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. இந்த வாசகத்தை அரசு மருத்துவமனைகளில் யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டாலே பாதி வேலை முடியும்.

குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமான ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய கார்யக்ரம் 2013-இல் வந்தது. நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு முறை போக வேண்டும். சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் அந்த மையத்தில் குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் உண்டு. நடப்பில், பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் காலியாக இருந்தால் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வாய் அடைத்த மாதிரிதான். ஆளே இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தேதி. என்னிடம் வரும் ஒரு தாய் அந்தத் தேதிக்குப் போக ரெண்டு பஸ் மாறுகிறார். பஸ்ஸில் இவருக்கு டிக்கெட் இல்லை, சரி. அன்றைய பீடிக் கூலி போகிறது. ஹாரன் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். 'பிள்ளைய வளக்கத் தெரியாதவ' என்று பக்கத்து சீட்டில் முணுமுணுக்கிறார்கள். போய்ச் சேர்ந்தால் இருபது நிமிஷம். ரெண்டு தடவை போய்விட்டு மூன்றாம் தடவை வராமல் இருப்பவரைப் பதிவேட்டில் 'தொடர்ச்சியின்மை' என்று எழுதுகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் நலத் துறைச் செயலாளருக்கு: அடையாள அட்டையைப் பற்றி. ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட நாம் பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. உதவித்தொகைக்கும் சலுகைக்கும் இப்படி ஓர் அளவு தேவைதான். பயிற்சிக்கு எதற்கு? ரெண்டு வயதுப் பிள்ளைக்குக் குறைபாடு நாற்பது சதவீதமா முப்பத்தைந்தா என்று குழு கூடி முடிவு செய்யும்வரை அவனோடு தரையில் உட்கார்ந்து விளையாடக் கூடாதா? பின்னால் ஆட்டிசம் இல்லை என்றே தெரிந்தாலும், அந்தப் பயிற்சியால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதி வராது. ஆஸ்திரேலியாவில் சந்தேகம் மட்டுமே இருந்த 9 முதல் 14 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று முடிவானவர்கள் அந்தக் குழுவில் 6.7 சதவீதம், மற்றக் குழுவில் 20.5 சதவீதம்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறீர்கள். பொருத்திவிட்டு அனுப்பிவிடாமல் ஒரு வருஷம் கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கும் அதே திட்டத்தில் பணம் கொடுக்கிறீர்கள். பயிற்சி இல்லாமல் கருவி வீண் என்பது அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பொருத்தக் கருவி கிடையாது, பயிற்சி மட்டும்தான் உண்டு. கருவி இல்லாத ஒரே காரணத்தால் அவன் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் என்றாலும் பயிற்சிக்கென்று அதற்குள் சின்ன உச்சவரம்பு. அதற்கும் முதலில் சான்றிதழ் வேண்டும். வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. பீடி சுற்றுகிறவருக்கு அதனால் என்ன?

அரசு இல்லாத இடத்தில் கடை திறக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் தெரபி மையங்கள் பெருகிவிட்டன. எங்கள் பக்கம் ஒரு செஷனுக்கு 400, 500 ரூபாய். நல்ல மையங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு அம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைக்கும் மையங்கள்தான் அதிகம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது; வெளியே வரும்போது 'இன்னைக்கு நல்லா உக்காந்தான்' என்ற ஒரு வரி. கண்ணைப் பார், கையைக் கட்டு, ஆட்டாதே என்று மணிக்கணக்கில் அடக்குவதைப் பயிற்சி என்கிறார்கள். கையை உதறுவது பல பிள்ளைகளுக்கு மனசை ஆற்றிக்கொள்ளும் வழி. வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்களே, கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியது எப்படி இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்; உங்கள் துறையின் ஆலோசனைக் கூட்டங்களில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். இதற்கெல்லாம் மேலே ஸ்டெம் செல் ஊசி. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அதற்குப் போனவர்களை இன்னும் பார்க்கிறோம். பெற்றோர் உள்ளே உட்காரும் உரிமை, பயிற்சி கொடுப்பவரின் பதிவு எண்ணைச் சுவரில் ஒட்டுவது: இந்த ரெண்டையும் மையத்துக்கு உரிமம் கொடுக்கும் நிபந்தனையாக வையுங்கள். பிள்ளைகளை அடக்கி வைப்பவர்கள் தானாகக் குறைவார்கள்.

இப்போது ஆள் கணக்கு. 'இத்தனை பேருக்கு எங்கே போவது' என்ற கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 127 பேரில் ஒருவர். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டரை லட்சம் பிறப்பு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 6,700 பிள்ளைகள். 38 மாவட்டத்துக்குப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு 176. ஒரு பணியாளர் நாளுக்கு நான்கு வீடு, வாரத்தில் ஐந்து நாள் போனால் 20 குடும்பம். 176 பிள்ளைகளுக்கு 9 பேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு வருஷம் கொடுப்பதாக இருந்தால் 18 பேர். மாநிலம் முழுக்க 700-க்கும் குறைவு. 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளை நடத்தும் அரசுக்கு இது ஒரு எண்ணிக்கையா? பேச்சு தாமதமான மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 1,400 பேர்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்பதை யாரும் முதலில் நம்பவில்லை. வந்தார். அந்த வண்டியில் பேரனுக்கும் ஓர் ஆள் வரலாம். உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' மையங்கள் திறக்கிறீர்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, கருவிகள் பளபளவென்று இருக்கின்றன. அங்கிருந்து ஆட்கள் கிராமத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அந்த ஆட்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வேண்டும். பள்ளிக் கல்வித் துறைச் செயலாளருக்கு இது தெரிந்த கதை: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் உள்ளடங்கிய கல்வியில் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள் வருஷக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், வீதியில் உட்கார்ந்தும் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஆசிரியை மாறினால் ஒரு தலைமை ஆசிரியருக்கு அது பணியிடக் காலி; எங்கள் பிள்ளைக்கு, மெல்ல மெல்லப் பழகிய முகம் ஒரு திங்கள்கிழமை காணாமல் போவது. புது முகத்தோடு திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பம். ஆள் நிலைக்க வேண்டும் என்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே கருதுங்கள்.

கருவிகளில் பேச்சைத் தவிர மற்ற வழிகளும் வேண்டும். படம் காட்டிக் கேட்கப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்கே அது துணையாகிறது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. ஆனால் கிராமத்தில் அதைப் போட்டுக் கொடுக்க டேப்லெட் வேண்டும். அதுவரைக்குமாவது நல்ல தமிழ்ப் பட அட்டை அச்சடித்துக் கொடுங்கள். இப்போது எங்கள் கையில் இருப்பதில் பாதி ஆங்கில அட்டை: பனிமனிதன், ஸ்ட்ராபெரி, சாண்ட்விச். இட்லித் தட்டு, முறுக்கு, கட்டில், குடம், அங்கன்வாடி டீச்சர் இவைதான் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள், குழப்பமாகாது என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆச்சிக்கு இங்கிலீஷ் வராது. அப்படிச் சொன்னால் வீட்டில் அந்தப் பிள்ளையோடு அதிகம் பேசுகிற ஆள் வாயை மூடிக்கொள்வார்.

சமூக நலத் துறைச் செயலாளருக்குச் சின்னதாக ஒன்றுதான். அங்கன்வாடியில் இந்தப் பிள்ளைகளை 'அழுகிறான், அடிக்கிறான், பாத்ரூம் சொல்லத் தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டுக்குப் போகும் அந்தப் பணியாளர் வாரத்தில் ஒரு நாள் அங்கன்வாடியிலும் வந்து உட்காரட்டும்.

ஆட்டிசம் குணமாகும் என்று நான் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். சில பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள், சிலர் கடைசிவரை பேசாமல் படத்தைத் தொட்டே பசி, வலி, கோபம் எல்லாம் சொல்வார்கள். யார் எப்படி வருவார்கள் என்று ரெண்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தொடக்கத்தைச் சீக்கிரமாகக் கொடுப்பதுதான் அரசால் ஆகக் கூடியது.

ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறீர்கள். எத்தனை மையம், எத்தனை பயனாளி, எத்தனை கோடி என்று அதில் இருக்கும். வரும் வருஷம் இன்னும் ரெண்டு எண்களை மாவட்ட வாரியாக அச்சிட்டுக் காட்டுங்கள். முதல் தனிப்பயிற்சிக்கு வந்தபோது பிள்ளைகளின் சராசரி வயது என்ன? சந்தேகம் என்று யாராவது குறித்த நாளுக்கும் அந்த முதல் பயிற்சிக்கும் இடையில் எத்தனை நாள்? இதை எழுதுவதென்றால் பிக்மி, அங்கன்வாடிப் பதிவேடு, அடையாள அட்டை, வட்டார வள மையம் நான்கையும் ஒரே பிள்ளையின் பெயரில் சேர்த்தாக வேண்டும். அதற்கு நீங்கள் நால்வரும் ஒரு தடவை ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். எங்கள் மாவட்டத்தில் முதலில் செய்து பார்ப்பதானால், வீடுகளைக் காட்டவும் ஆட்களைப் பழக்கவும் நானும் என்னோடு வேலை பார்ப்பவர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியை,
தென்காசி மாவட்டம்